கோடோட்டில் ஆச்சரியப் பெட்டி: தலையால் முட்டியதைச் சரியாகக் கண்டறியும் முறை

தாவியோடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஓர் ஆச்சரியப் பெட்டியைச் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். கீழிருந்து எம்பித் தலையால் முட்டினால் நாணயமோ காளானோ மேலெழும் அந்தக் கேள்விக்குறிப் பெட்டியை, 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு எல்லோர் மனத்திலும் பதித்துவிட்டது. அதைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. பெட்டிக்குள் பொருளை வைப்பது அரை மணி நேர வேலை. முட்டியதா, உரசியதா, பக்கவாட்டில் இடித்ததா என்று பிரித்தறிவதில்தான் மீதி நேரம் முழுவதும் போயிற்று.

நான் பயன்படுத்துவது விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோட் 4, நிரல்மொழி அதன் ஜிடிஸ்கிரிப்ட். ஓடவும் தாவவும் தெரிந்த கதாபாத்திரம் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாகக் கொள்கிறேன். நிரலை வரிக்கு வரி இங்கே ஒட்டவில்லை. ஒட்டப்பட்ட நிரலை நகலெடுத்து வேலை செய்ய வைத்த ஒவ்வொரு முறையும், அது பழுதானபோது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

முதல் படி: பெட்டியை அமைத்தல்

புதிய காட்சி ஒன்றைத் திறந்து, ஸ்டாட்டிக்பாடி2டி நோடை (காட்சியின் கட்டுமான அலகே நோடு; இது நகராத திடப்பொருள்) வேராக வைத்து, அதன்கீழ் ஒரு ஸ்பிரைட்டையும் (திரையில் தெரியும் படம்) மோதல் வடிவத்தையும் சேருங்கள். பெட்டியின் ஸ்கிரிப்டில் இரண்டு மாறிகள் போதும்: உள்ளே இருக்கும் பொருளின் காட்சியைக் குறிக்கும் ஏற்றுமதி மாறி (எடிட்டரிலேயே மதிப்பை மாற்றத்தக்கது) ஒன்று, காலியாகிவிட்டதா என்பதைச் சொல்லும் மாறி மற்றொன்று. ‘முட்டப்பட்டது’ என்ற பொருளில் ஒரு செயற்கூறையும் எழுதி, அதை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். பெட்டிகளை டைல்மேப்பிலேயே (தரையைக் கட்டம் கட்டமாக வரையும் நோடு) வரைந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெவ்வேறு பொருள் இருக்க வேண்டும் என்பதால், கட்டக்கோடுகளுக்கு ஒட்டும்படி தனிக் காட்சிகளாக வைப்பதையே நான் விரும்புகிறேன்.

இரண்டாம் படி: முட்டியதை அறிதல்

நான் சறுக்கியது இங்கேதான். பெட்டியின் அடியில் 4 பிக்சல் உயரமுள்ள ஏரியா2டி (உள்ளே நுழைவதை அறியும், ஆனால் தடுக்காத பகுதி) ஒன்றை ஒட்டி, கதாபாத்திரம் அதற்குள் நுழையும்போது அதன் திசைவேகம் மேல்நோக்கி இருந்தால் பெட்டி திறக்கட்டும் என்று எழுதினேன். கோடோட்டில் மேல்திசை எதிர்ம எண் என்பதால், செங்குத்துத் திசைவேகம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதே என் சோதனை. மெதுவாகத் தாவினால் பெட்டி திறந்தது. வேகமாகத் தாவினால் திறக்கவில்லை. சில சமயம் தலை படாமலேயே திறந்தது. பழுது எப்போதும் ஒரே மாதிரி இருந்திருந்தால் விரைவில் பிடித்திருப்பேன்.

காரணம் பின்னர் விளங்கியது. நொடிக்கு 400 பிக்சல் வேகத்தில் எழும் கதாபாத்திரம், நொடிக்கு 60 முறை நடக்கும் இயற்பியல் கணக்கில், ஒரு முறைக்கு 6 பிக்சலுக்கு மேல் நகர்கிறது. ஆகவே 4 பிக்சல் பகுதிக்குள் நுழைவதும் பெட்டியில் மோதுவதும் பெரும்பாலும் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. மோதியதும், கதாபாத்திரத்தை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு செயற்கூறு செங்குத்துத் திசைவேகத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. ஏரியா தன் சிக்னலை (ஒன்று உள்ளே நுழைந்தது என்னும் அறிவிப்பை) அனுப்பும்போது சோதிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மெதுவாகத் தாவும்போதோ, தலை பெட்டியைத் தொடுவதற்கு முன்பே பகுதிக்குள் நுழைந்துவிடுவதால், தொடாமலேயே பெட்டி திறக்கிறது.

தீர்வு, ஏரியாவை நீக்கிவிட்டு, கேள்வியைக் கதாபாத்திரத்திடம் கேட்பதுதான். கதாபாத்திரத்தின் ஸ்கிரிப்டில் மூவ் அண்ட் ஸ்லைடை அழைப்பதற்கு முந்தைய வரியில் செங்குத்துத் திசைவேகத்தை ஒரு தனி மாறியில் சேமித்துக்கொள்ளுங்கள். அழைத்து முடித்தபின், அந்த நகர்வில் நிகழ்ந்த மோதல்களை கெட் ஸ்லைடு கொலிஷன் வழியாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேமித்த வேகம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்து, மோதலின் செங்கோட்டுத் திசையில் (மோதிய பரப்புக்குச் செங்குத்தான திசை) செங்குத்துக் கூறு 0.7க்கு மேல் இருந்து, மோதிய பொருள் பெட்டியாகவும் இருந்தால், அதன் ‘முட்டப்பட்டது’ செயற்கூறை அழையுங்கள். செங்கோடு பெட்டியிலிருந்து கதாபாத்திரத்தை நோக்கிக் கீழ்முகமாக இருக்கும். கோடோட்டில் கீழ்த்திசை நேர்ம எண் என்பதால்தான் அந்த மதிப்பு நேர்மமாக வருகிறது. பக்கவாட்டு மோதலில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்.

கதாபாத்திரத்துக்குக் கேப்சூல் வடிவத்தை வைத்திருந்தால் செவ்வகமாக மாற்றிவிடுங்கள். கேப்சூலின் வளைந்த தலை பெட்டியின் மூலையில் படும்போது செங்கோடு சாய்வாக வந்து இந்தச் சோதனையைக் குழப்புகிறது. சரிவான தரைகளில் கேப்சூல் நன்றாக ஓடும் என்பது உண்மையே. கட்டங்களால் ஆன விளையாட்டுக்குச் செவ்வகமே என் தேர்வு.

மூன்றாம் படி: குலுங்கலும் பொருள் மேலெழுதலும்

முட்டியதும் பெட்டி சற்றே மேலே துள்ள வேண்டும். துள்ள வேண்டியது ஸ்பிரைட் மட்டுமே. வேர் நோடை நகர்த்தினால் மோதல் வடிவமும் சேர்ந்து நகர்ந்து, மேலே நிற்பவரைத் தூக்கியடிக்கும். ட்வீன் (மதிப்பைப் படிப்படியாக மாற்றும் கருவி) கொண்டு 6 பிக்சல் ஏற்றி இறக்குங்கள். இறக்கும்போது ‘இப்போதிருக்கும் இடத்திலிருந்து 6 பிக்சல் இறக்கு’ என்று எழுதாமல், தொடக்க நிலையை முன்பே குறித்து வைத்து அதற்கே திரும்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துள்ளலின் நடுவே மீண்டும் முட்டும்போது படம் சிறிது சிறிதாக இடம் பெயர்ந்துவிடும்.

பொருளைப் பெட்டியின் குழந்தையாகச் சேர்க்காமல், பெட்டியின் தாய் நோடின்கீழ் சேருங்கள். இங்கே ஒரு வரிசை முக்கியம். முதலில் பொருளின் நிலைக்குப் பெட்டியின் நிலையைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அதைக் காட்சியில் சேர்க்கும் ஆட் சைல்டை அழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தாய் நோடு என்பதால் அந்த மதிப்பு அப்படியே பொருந்தும். நான் வரிசையை மாற்றி எழுதியிருந்தேன். தொடக்க வேலைகளைச் செய்யும் பொருளின் ரெடி செயற்கூறு ஆட் சைல்டின்போதே ஓடிவிடுவதால், பூஜ்யப் புள்ளியைத் தன் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, என் காளான் திரையின் இடது மேல் மூலையிலிருந்து எழுந்தது. பொருளின் இசட் குறியீட்டைப் பெட்டியினுடையதைவிடக் குறைவாக வைத்தால், அது பெட்டியின் பின்னாலிருந்து எழுவதுபோல் தோன்றும். முழுவதும் வெளியே வரும்வரை அதன் மோதலை அணைத்து வையுங்கள்.

எந்தப் பொருள் வர வேண்டும் என்பதைப் பெட்டி பிறக்கும்போது தீர்மானிக்காமல், முட்டும் கணத்தில் தீர்மானிப்பது நல்லது. மாரியோவின் முதல் விளையாட்டிலேயே சிறிய உருவில் முட்டினால் காளானும், பெரிய உருவில் முட்டினால் தீப்பூவும் வரும். 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் பெட்டிகளோ உள்ளே இருப்பதைத் தம் திரையிலேயே காட்டிவிடுகின்றன. அது வசதியானது, ஆனால் ஆச்சரியம் அல்ல.

பல நாணயம் தரும் பெட்டி வேண்டுமென்றால், எண்ணிக்கையைவிட நேரத்தை எண்ணுங்கள். முதல் முட்டலில் டைமர் தொடங்கட்டும். அது முடிந்தபின் வரும் முட்டலோடு பெட்டி காலியாகட்டும். பழைய மாரியோவின் நாணயச் செங்கல் இப்படித்தான் இயங்குகிறது. பதற்றத்தோடு அடுத்தடுத்துத் தாவ வைப்பது அந்தக் கடிகாரமே.

கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கு ஸ்பிரைட்டை மறைத்தால் மட்டும் போதாது, மேலிருந்து விழுபவர் அதன் ஊடாகக் கடந்து செல்லவும் வேண்டும். மோதல் வடிவத்தில் ஒருவழி மோதலை இயக்கி, வடிவத்தை 180 பாகை திருப்பிவிட்டால், கீழிருந்து வருபவரை மட்டும் அது தடுக்கும். முட்டியபின் ஒருவழி மோதலை அணைப்பதற்கு செட் டிஃபர்டு (மாற்றத்தை உடனே செய்யாமல் சற்றுத் தள்ளிச் செய்வது) பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரு பெட்டிகளின் நடுவே முட்டினால் சில சமயம் தவறான பெட்டி திறப்பதாகச் சொன்னார். சோதித்தேன், அவர் சொன்னது சரி. தலை இரண்டிலும் ஒன்றாகப் படும்போது எது மோதலாகப் பதிவாகும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே தலையின் நடுவில் மேல்நோக்கிச் சில பிக்சல் நீளமுள்ள ரேகாஸ்ட்2டி (ஒரு நேர்க்கோட்டில் எது படுகிறது என்று பார்க்கும் நோடு) ஒன்றை வைத்து, மோதல் உறுதியானதும் முதலில் அதையே கேளுங்கள். அது ஒரு பெட்டியைக் காட்டினால் அந்தப் பெட்டியைத் திறங்கள். எதையும் காட்டாவிட்டால் மோதலில் பதிவான பெட்டியைத் திறங்கள். கேட்பதற்கு முன் ஃபோர்ஸ் ரேகாஸ்ட் அப்டேட்டை மறக்காமல் அழைக்க வேண்டும்; இல்லையேல் கதாபாத்திரம் நகர்வதற்கு முன்பிருந்த நிலையையே அது பதிலாகத் தரும்.