“போலீஸ்ல என்ன சொன்னாங்க?”: பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டியவை

சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குக் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருக்கும், திடீர்ச் சாவு நேர்ந்த துக்க வீட்டில், வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “போலீஸ்ல என்ன சொன்னாங்க?” ஆறு மாதம் கழித்துக் கோயிலில் பார்த்தாலும் அதே கேள்வி. பதிலும் அதே: “இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க.” இப்படிச் சில குடும்பங்களுக்குக் கடிதம் எழுதித் தரவும் மொழிபெயர்க்கவும் துணைக்குப் போயிருக்கிறேன். அவர்களின் அலைச்சலில் பாதி, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே தெரியாததால் வந்தது.

சிங்கப்பூரில் திடீர் மரணம், விபத்து, காரணம் தெரியாத மரணம், காவலில் நேர்ந்த மரணம் ஆகியவற்றில் கடைசி வார்த்தை போலீசுடையது அல்ல, மரண விசாரணை அதிகாரியுடையது. கோரனர் என்கிறோமே, அவர்தான். 2011 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டப்படி அவர் நீதித்துறையைச் சேர்ந்தவர். ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றத்தில் உட்காருகிறார். போலீஸ் அவருக்காகத் தகவல் திரட்டித் தருகிறது. இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்பதைத்தான் அவர் முடிவு செய்வார். ‘யார் மேல் குற்றம்’ என்று சொல்வது அவர் வேலை இல்லை என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அந்த ஒரு பதிலுக்காகவே போய், வெறுங்கையோடு திரும்பிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வாரம் தவறாமல் போலீஸ் விசாரணை அதிகாரிக்கு, அதாவது ஐஓவுக்கு, போன் போட்டு “ஏதாவது தெரிஞ்சதா சார்?” என்று கேட்பதுதான் முதல் தவறு. கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த போனுக்குத் தடயம் கிடையாது. ஐஓ வேறு பிரிவுக்கு மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கேட்பதைவிடக் கொடுப்பது பயன் தரும். போலீஸ் புகார் எண்ணைத் தலைப்பில் போட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கடைசியாக எப்போது பேசினார், யாரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார், என்ன மருந்து சாப்பிட்டார், எது உங்களுக்கு ஒட்டவில்லை என்று எழுதுங்கள். “என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை” என்பதை வைத்து யாராலும் எதையும் விசாரிக்க முடியாது. “இரவு பத்து மணிக்கு மேல் வெளியே போகாதவன், அன்று பதினொன்றரைக்கு ஏன் அந்தக் கார்ப்பேட்டையில் இருந்தான்?” என்பது விசாரிக்கக்கூடிய கேள்வி. இவற்றை மரண விசாரணை அதிகாரியின் பார்வைக்குக் கொண்டுபோகும்படி கடைசி வரியில் கேளுங்கள். எல்லா மரணத்துக்கும் திறந்த நீதிமன்றத்தில் விசாரணை நடந்துவிடாது. காவலில் நேர்ந்த மரணம் போன்றவற்றுக்குத்தான் அது கட்டாயம். மற்றவற்றில் விசாரணை தேவையில்லை என்றும் அவர் முடிவு செய்யலாம். விசாரணை வேண்டும் என்று நினைத்தால் காரணத்தோடு சீக்கிரமே எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. அழுது அழுது களைத்த அம்மா தமிழில் சொல்வார், அதிகாரி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார், அம்மா தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் தெரியாதவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். “எனக்குத் தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘கொஞ்ச நாளா சரியா பேசலை’ என்று நீங்கள் சொன்னது, ‘மனச்சோர்வில் இருந்தார்’ என்று ஏறியிருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை அல்லவா? அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்றால் கையெழுத்துத்தான் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மறைப்பதும் இதோடு சேர்ந்தது. கடன் வாங்கியது, வீட்டுச் சண்டை, மனநல மருத்துவரைப் பார்த்தது, எல்லாம் மானப் பிரச்சினை நமக்கு. ஆனால் கைத்தொலைபேசியைத் திறந்தால் அத்தனையும் அதில் இருக்கும். ஒன்றை மறைத்தது தெரிந்தபிறகு, நீங்கள் சொன்ன உண்மைகளுக்கும் எடை குறைந்துவிடும். ‘முன்னால ஒரு தடவை முயற்சி பண்ணான்னு சொன்னா அதுவே கேஸ் ஆயிடுமோ’ என்று பயந்த குடும்பமும் உண்டு. 2020 ஜனவரி முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. (வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கும் பாரம் தாங்காமல் போகும். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.)

அவசரத்தில் தகனம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இறந்த பெரியவருக்கு மருத்துவர் சான்றிதழ் கொடுத்து, அன்று மாலையே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். நம் வழக்கம் அது. எட்டாம் நாள் யாரோ ஒரு சித்தப்பா, “அந்த மருந்தை யாரு குடுத்தா?” என்று கிளப்புவார். சாம்பலில் என்ன தேடுவது? சந்தேகம் கடுகளவு இருந்தாலும் தகனத்துக்கு முன்னால் போலீசிடம் சொல்லிவிட வேண்டும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடனே மறுப்பதும் அப்படித்தான். மறுப்பைச் சொல்லலாம், முடிவு மரண விசாரணை அதிகாரியுடையது. பரிசோதனை முடிந்த அன்றே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ரத்தத்தில் மருந்து, நஞ்சு உண்டா என்று பார்க்கும் சோதனைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கண்காணிப்புக் கேமரா பதிவு காத்திருக்காது. மின்தூக்கியிலும் கடையிலும் இருக்கும் பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். எந்தக் கேமரா என்று தெரிந்தால் முதல் வாரத்திலேயே ஐஓவுக்குச் சொல்லுங்கள்.

இறந்தவரின் பொருள்களை நாமே துப்பறிவாளர் ஆகிக் கிளறக்கூடாது. 2012ல் இங்கே வாடகை வீட்டில் இறந்து கிடந்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவரின் வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. குடும்பத்தார் அவர் வீட்டிலிருந்து ஊருக்கு எடுத்துச் சென்ற ஹார்டு டிஸ்க்கை வைத்தே பெரிய சர்ச்சை. போலீஸ் கைக்குப் போகாமல் திறக்கப்பட்ட பொருள் என்றால், உள்ளே இருப்பது உண்மையாகவே இருந்தாலும் கேள்வி எழும். விசாரணையில் நம்பிக்கை இழந்த அந்தக் குடும்பம் 2013 மே மாதம் பாதியிலேயே வெளியேறியது. ஜூலையில் தற்கொலை என்று முடிவு வந்தது. அவர்கள் வேதனையை நான் எடைபோட வரவில்லை. ஆனால் நெருங்கிய உறவினருக்குச் சாட்சிகளிடம் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. வெளியேறினால் அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

விசாரணை நடக்கும் நாளில் வழக்கறிஞர் இல்லாமலும் நீங்கள் போகலாம். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யார் மீதாவது குற்றம் சாட்டப்பட்டால், ‘அப்பாடா, இனி எல்லாம் வெளியே வரும்’ என்று நிம்மதி வரும். அதுவும் எப்போதும் நடப்பதில்லை. குற்ற வழக்கு நடக்கும்போது மரண விசாரணை தள்ளிப்போகும், பிறகு நிறுத்தப்படவும் செய்யலாம். 2010 செப்டம்பரில் சாங்கிச் சிறையில் 21 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இறந்தார். 2013ல் சிறை அதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 வெள்ளி அபராதம் கட்டினார். ஒப்புக்கொண்டுவிட்டதால் முழு வழக்கு நடக்கவில்லை. மரண விசாரணையும் நிறுத்தப்பட்டது. அதைத் தொடரச் சொல்லி அவருடைய தாய் உயர் நீதிமன்றம் வரை போனார், பலிக்கவில்லை.

இங்கே வேலைக்கு வந்தவரை இழந்து ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. புதுக்கோட்டையிலோ திருவாரூரிலோ இருந்துகொண்டு, “போலீஸ் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இழப்பீட்டை ஒத்திவைக்காதீர்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் கோரிக்கைக்கு ஓராண்டுதான். சார்ந்திருப்பவர்கள் சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டு. விசாரணை இழுத்தால் கெடுவும் கூடவே இழுத்துக்கொண்டு வரும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பில் கடிதம் வாங்கலாம். நிலவரம் கேட்க அது உதவும், முடிவை மாற்றாது. ஃபேஸ்புக்கில் ஒருவர் பெயரைப் போட்டுக் கொலைகாரன் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம், விசாரணை நடக்கும்போது நீதிமன்ற அவமதிப்பும் ஆகலாம்.

‘ஓப்பன் வெர்டிக்ட்’ என்று முடிந்தால், கோப்பை மூடிப் பரணில் போட்டுவிடுவது வழக்கம். இருக்கும் சான்றுகளை வைத்து முடிவுக்கு வர இயலவில்லை என்பதே அதன் பொருள். குற்றங்களுக்கு இங்கே காலவரம்பு கிடையாது. 2007ல் காணாமற்போன பெண்ணின் வழக்கில் 2020ல்தான் ஒருவர் கைதானார். ஆகவே போலீஸ் திருப்பிக் கொடுத்த கைத்தொலைபேசி, சட்டை, பையில் கிடந்த ரசீது, எல்லாவற்றையும் தேதி எழுதிய ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் பழைய பொருள் வாங்க வரும் காராங்கூனிக்காரரிடம் அந்தப் பெட்டி போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.