சீசன் முழுக்க வேலை, கையில் காசில்லை: கல்யாண போட்டோ ரேட்டைச் சரிசெய்த கதை

பல சீசனாக இழுத்த பிரச்சினை இப்போதுதான் தீர்ந்தது, பெரிய நிம்மதி. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் தவறாமல் வேலை இருக்கும். ஆனால் ஆடி பிறந்தால் லென்ஸுக்கு இஎம்ஐ கட்டப் பணம் இருக்காது.

பக்கத்து ஸ்டுடியோக்களின் ரேட்டை ஒட்டி வைத்துப் பார்த்தேன், பலனில்லை. மொத்தமாக ஏற்றியதில் விசாரிப்பவர்களே குறைந்தார்கள். ட்ரோன் இலவசம் என்றதில் அதன் வாடகையும் என் தலையில் விழுந்தது.

அப்புறம் ஒரே ஒரு கல்யாணத்தை எடுத்துச் செலவை வரிவரியாக எழுதினேன். வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்கும் நின்ற நேரத்தைவிட கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைனுக்குப் போன நேரம் அதிகம். அதையும் கூலியில் சேர்த்தேன்.

பலர் கவனிக்காதது தேய்மானம். என் கேமராவின் ஷட்டருக்கு (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் பாகம்) கம்பெனி சொல்லும் ஆயுள் 2 லட்சம் கிளிக். கல்யாணத்துக்கு 4,000 போனால் 50 கல்யாணம்தான். கேமரா விலையில் ஐம்பதில் ஒரு பங்கு ஒவ்வொரு பில்லிலும் ஏற வேண்டும். வருடக் கடை வாடகையையும் 12 மாதத்தால் வகுக்கக் கூடாது. ஆடி, மார்கழியில் கல்யாணமே கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. வருடத்தில் கிடைக்கும் கல்யாணங்களால் வகுத்ததும் சரியான ரேட் வந்தது.

ஆல்பத்தைத் தனியாகப் பிரித்து, ஷீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தேன். இரண்டு வீட்டாரும் படம் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், பாக்கிப் பணத்தை முகூர்த்தத்தன்றே வாங்கிவிடுகிறேன்.