தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள்: புறக்கடைக் கோழி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாட்டுக்கோழிக்கு என்ன செலவு, மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்" என்று நம்பித்தான் பலரும் கோழி வளர்ப்பில் இறங்குகிறார்கள். பாட்டி வீட்டில் அப்படித்தானே வளர்ந்தது என்பார்கள். வளர்ந்தது உண்மைதான். ஆனால் அங்கே குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழி இருந்தது. இறக்கைக்குள் அணைத்துச் சூடு கொடுத்தது, குப்பையைக் கிளறிப் புழுவையும் கரையானையும் காட்டிக் கொடுத்தது, பருந்தின் நிழல் விழுந்தவுடன் குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒடுங்கச் செய்தது எல்லாம் அதுதான். இன்று பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வருகிறோம். தாய் அந்தப் பெட்டியில் வருவதில்லை. அதன் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது என்பதை உணராததிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது சூடு. முதல் வாரம் குஞ்சுகளின் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய கணக்கு: 50 குஞ்சுக்கு 100 வாட். இது குண்டு பல்புக்கான கணக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்இடி பல்பைத் தொங்கவிட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. விடிந்து பார்த்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுத் திணறிச் செத்துக் கிடக்கும். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது. வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. சதுரப் பெட்டியின் மூலைகளில்தான் அவை நெரிந்து சாகும் என்பதால், அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள். தண்ணீரை அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் குஞ்சு விழுந்து நனைந்து விறைத்துவிடும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பினாலே போதும்.

தண்ணீர் சிந்தி, குஞ்சுகளுக்கடியில் தரையில் பரப்பிய உமி நனைவதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். ரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்தில் வெளிவந்து, ஈரத்திலும் வெதுவெதுப்பிலும்தான் தொற்றும் நிலைக்கு முற்றுகிறது. ஒரு கைப்பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் அன்றைக்கே அந்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள்.

தீவனத்தில் இரண்டு வகைத் தவறுகள் நடக்கின்றன. குஞ்சுக்கு வெறும் நொய்யும் கம்பும் போட்டு வளர்ப்பது ஒன்று. தானியம் வயிற்றை நிரப்பும். சதையும் இறகும் வளரப் புரதம் வேண்டும். முதல் எட்டு வாரங்களுக்கு 20 சதவீத அளவில் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம் கொடுத்துவிட்டு, பிறகு மேய்ச்சலுக்குப் பழக்குவதே லாபம். இன்னொன்று, கடையில் இருந்தது என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடுவது. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பாசியினத் தீவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த அசோலாவில் புரதம் நிறைய உண்டு. பச்சையாக அள்ளிப் போடும்போது அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தீவனத்தோடு சேர்த்துக் கொடுங்கள், தீவனத்துக்குப் பதிலாக வேண்டாம்.

செலவில்லாத புரதம் வேண்டுமென்றால் கரையான் பானையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் சாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளியும். தட்டிவிட்ட சில நிமிடங்களில் குஞ்சுகள் தரையைத் துடைத்துவிடும்.

விலை குறைவு என்று பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையோ கடலைப் பிண்ணாக்கையோ வாங்காதீர்கள். பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் போகாது.

இனி, தாய்க்கோழியாலும் காக்க முடியாத ஒன்று: வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வைரஸ் நோய். சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதம் ஒரு வாரச்சந்தையில் வாட்டசாட்டமான சேவல் ஒன்றை வாங்கிவந்து, அன்று மாலையே என் கோழிகளோடு விட்டேன். ஆறாம் நாள் அது கொண்டை கறுத்து நின்றது. அடுத்து மற்றவையும் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. சில கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றின. 34 கோழிகளில் 9 மிஞ்சின. சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுக்கோழியை மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையில்) அடைத்து, மற்றவற்றுக்குத் தீனி வைத்த பிறகே அதற்கு வைத்து, உடனே கைகளைக் கழுவியிருந்தால் நோய் அந்தப் பஞ்சாரத்தோடு முடிந்திருக்கலாம். செத்த கோழிகளைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்தேன். வாய்க்காலிலோ புதரிலோ வீசினால் நாயும் காகமும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. கோடையில் நோய் பரவுவதால், தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். மருந்துப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டி வந்தால் வெறும் தண்ணீரைப் போட்டதற்குச் சமம். பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நோய் வந்தபின் போடுவதில் பயனில்லை.

உங்களிடம் அடைக்கோழி ஒன்று இருந்தால், பொரிப்பகக் குஞ்சுகளுக்கு நிஜத் தாயையே கொடுத்துவிடலாம். மூன்று வாரம் அடையில் இருந்த கோழியாகப் பாருங்கள். பகலில் விட்டால் கொத்திவிடும். நன்றாக இருட்டிய பிறகு, விளக்கில்லாமல், முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒவ்வொரு குஞ்சாக அதன் வயிற்றுக்கடியில் நுழைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரை தாங்கும். குஞ்சுக்கு ஓரிரு நாள் வயதுதான் ஆகியிருக்க வேண்டும். விடியும் நேரத்தில் போய் நில்லுங்கள். தாழ்ந்த குரலில் "கொக் கொக்" என்று அது குஞ்சுகளை அழைத்தால் ஏற்றுக்கொண்டுவிட்டது. கொத்தினால் உடனே பிரித்து, பல்புக்கடியில் விட்டுவிடுங்கள்.