பாலைவன எறும்பை அடையாளம் காணும்போது சறுக்கும் இடங்கள்

பாலையில் பார்த்த எறும்பு சிவப்பா கறுப்பா என்றுதான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, சிவப்பு எறும்புகள் அத்தனை இருக்கின்றன. நிறம் கைகொடுப்பது அபூர்வம். சஹாராவின் வெள்ளி எறும்பு அப்படி ஒன்று. அந்த மினுமினுப்பும் உடம்பின் நிறமல்ல. முக்கோண வடிவ மயிர்கள் வெயிலைத் திருப்பியடிப்பதால் வருவது.

அளவும் இப்படித்தான் ஏமாற்றும். மெஸ்ஸார் என்ற விதை சேர்க்கும் எறும்பின் ஒரே புற்றிலிருந்து பெருந்தலைக்காரியும் அவளில் பாதிகூட இல்லாத பொடிசும் அடுத்தடுத்து வெளியே வரும். இரண்டு இனம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தவன் நான்!

பார்க்க வேண்டியது இடுப்பை. மேலிருந்து எடுத்த படத்தில் அது சரியாகத் தெரியாது. தரையோடு தரையாகப் படுத்து, பக்கவாட்டில் எடுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கணு, அதாவது சின்னப் புடைப்பு, ஒன்றா, இரண்டா? கூடவே தலைக்கு அடியிலும் பாருங்கள். வட அமெரிக்கப் பாலையில் இரண்டு கணுவும், மணலை அள்ளிச் சுமக்க உதவும் தாடி போன்ற நீண்ட மயிரும் இருந்தால் பெரும்பாலும் போகோனோமிர்மெக்ஸ் என்ற பேரினம். முதுகின் பின்பக்கம் முள் இல்லையே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் கலிஃபோர்னிகஸ் இனத்துக்கு முள் கிடையாது. கொட்டினால் கடுமையாக வலிக்கும், கையில் எடுக்க வேண்டாம்.

எந்த ஊர் மணல் என்பதைக் குறிக்காமல் விடுவதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. உச்சி வெயிலில் நீண்ட கால்களோடு விரைந்தோடும் எறும்பு சஹாராவில் கேட்டாக்ளிஃபிஸ், நமீபில் ஆசிமிர்மெக்ஸ், நடு ஆஸ்திரேலியாவில் மெலோஃபோரஸ். பிழைப்பு ஒன்று, துணைக்குடும்பம் ஒன்றல்ல: ஆசிமிர்மெக்ஸுக்கு மட்டும் இடுப்பில் இரண்டு கணு.

எறும்பே இல்லாததை எறும்பு என்பதும் உண்டு. உடம்பெல்லாம் வெல்வெட் மயிரோடு தனியே அலைவது இறக்கையற்ற பெண் குளவி. எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், இதற்கு அந்தத் தெளிவான மடிப்பு இருக்காது.

இவ்வளவு பார்த்தும் இனப்பெயர் கிடைக்காமல் போகலாம். அமெரிக்கத் தென்மேற்கில் போகோனோமிர்மெக்ஸின் பார்பேட்டஸ், ருகோசஸ் என்ற இரண்டு இனங்களும் கலந்து உருவான மரபுவழிகள் இருக்கின்றன. மரபணுவைப் பார்க்காமல் அவற்றைப் பிரிப்பது பாடு. அங்கே பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.