சி-41 ப்ளீச்சில் தண்ணீர் கலப்பது எப்படி: வீட்டில் கலர் ஃபிலிம் கழுவத் தொடங்குபவர்களுக்கு

சி-41 என்பது கலர் நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவும் வழக்கமான முறை. முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே ப்ளீச் என்பது கலர் ஃபிலிமுக்கென்றே வரும் இரும்புச் சேர்மக் கரைசல். மளிகைக் கடையில் கிடைக்கும் ப்ளீச்சிங் பவுடரோ, துணி வெளுக்கும் திரவமோ அல்ல. அவற்றை ஃபிலிமில் ஊற்றினால் படம் பதிந்த ஜெலட்டின் அடுக்கே கரைந்து போய்விடும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும் கிளம்பும்.

படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் வேலை முடித்த பிறகு ஃபிலிமில் இரண்டு படங்கள் இருக்கும்: நிறச் சாயத்தால் ஆனது ஒன்று, கருப்பு வெள்ளியால் ஆனது இன்னொன்று. அந்த வெள்ளியை மட்டும் வெள்ளி புரோமைடாக மாற்றுவது ப்ளீச்சின் வேலை. மாறியதைக் கரைத்து வெளியேற்றுவது ஃபிக்ஸர்.

டெவலப்பரைக் குறித்த நேரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்: 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. ப்ளீச் அப்படியல்ல. வெள்ளி முழுவதும் மாறியதும் செய்வதற்கு அதற்கு வேறு வேலை இல்லை. கூடுதலாக ஐந்து நிமிடம் கிடந்தாலும் நெகட்டிவுக்குக் கேடில்லை. தண்ணீர் கலந்து பயன்படுத்த முடிவதற்கு இதுதான் காரணம். வலிமை குறைவதை நேரத்தால் ஈடுகட்டிவிடலாம். ஆனால் தண்ணீர் சேர்க்கும்போது அமிலமும் புரோமைடும் சேர்ந்தே குறைகின்றன. பிசகு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

எது தண்ணீர் தாங்கும்?

ப்ளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனிப் புட்டிகளாக வரும் கிட் என்றால் செய்யலாம். இரண்டும் ஒன்றாகக் கலந்த ப்ளிக்ஸ் என்றால் வேண்டாம். அதிலுள்ள இரும்பே ஃபிக்ஸரின் தயோசல்பேட்டைச் சிதைத்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஆயுள் குறைந்த கரைசலில் தண்ணீரையும் சேர்த்தால் எதை நம்பி நேரம் வைப்பது?

தண்ணீர் விஷயத்தில் சென்னையில் கொஞ்சம் கவனம் வேண்டும். பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. பேட்டரிக் கடையில் கேன்களில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரி ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை. நம் வெயிலால் ஒரு வசதி உண்டு: ப்ளீச் 24 முதல் 41 டிகிரி வரை வேலை செய்யும். டெவலப்பரை மட்டும் சூடாக்கி வைத்துக்கொண்டால் போதும். ப்ளீச் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும்.

கலக்கும் அளவு

35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு பேட்டர்சன் டேங்கில் (ஃபிலிம் கழுவும் மூடிய தொட்டி) 290 மி.லி. வேண்டும். எனவே 300 மி.லி. கலந்துகொள்ளலாம். முதலில் புட்டியில் சொன்னபடி முழு வலிமைக் கரைசலைத் தயாரியுங்கள். அதில் 150 மி.லி. எடுத்து, 140 மி.லி. தண்ணீர் சேர்த்து, பிஎச் தாளால் (அமில, கார அளவைக் காட்டும் தாள்) பாருங்கள். 5-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால் மீதி 10 மி.லி.யும் தண்ணீராகவே இருக்கட்டும். 6-ஐத் தாண்டினால் அதற்குப் பதிலாக வெள்ளை வினிகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இறக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி அளவைதான் வேண்டும். அலுமினியம், இரும்புப் பாத்திரங்களை இந்தக் கரைசல் அரிக்கும். கையுறை போடுங்கள். பழுப்புக் கறை எளிதில் போகாது.

ஒன்றுக்கு ஒன்று என்ற இந்த அளவோடு தொடக்கத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்று பங்கு தண்ணீர் ஊற்றினால் இரும்பும் புரோமைடும் ஒருசேரக் கால்பங்காகின்றன. அதற்குப் பிறகு நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

ஸ்டாப் பாத்தை விடவே கூடாது

ஸ்டாப் பாத் என்பது டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல். டெவலப்பரின் பிஎச் 10-ஐ ஒட்டி இருக்கும். முழு வலிமை ப்ளீச் அந்தக் காரத்தைத் தாங்கிக்கொள்ளும்; பாதி வலிமையில் தாங்கும் திறனும் பாதிதான். ஃபிலிமைச் சுற்றிவைக்கும் ரீலில் ஒட்டிய டெவலப்பர் உள்ளே போனால் ப்ளீச் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும். அது ஃபிலிமிலுள்ள சாயப் பொருளோடு சேர்ந்து, படமே இல்லாத இடத்திலும் நிறப் புகையாகப் படியும். இந்தக் கறையைப் பிறகு எடுக்க வழியில்லை.

4 சதவீத வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. டெவலப்பரைக் கொட்டியதும் இதை ஊற்றி ஒரு நிமிடம் அசையுங்கள். டெவலப்பரில் உள்ள கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்து வாயு உண்டாகும். மூடியை ஓரிரு முறை தளர்த்தி வாயுவை விடாவிட்டால் மூடி தெறித்துக் கரைசல் சிதறும். பின்பு இரண்டு முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

நேரத்தை லீடரிடம் கேளுங்கள்

முழு வலிமையில் 6 நிமிடம் 30 நொடி என்பது வழக்கம். பாதி வலிமைக்கு 13 நிமிடத்தில் தொடங்கலாம், ஆனால் உங்கள் புட்டியின் வயதும் உங்கள் தண்ணீரும் வேறு. ஆகவே முதல் ரோலைப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஃபிலிம் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லீடர் முழுக்க ஒளிபட்டது; வெள்ளி அதிகபட்சமாக உண்டாகும் இடம் அதுதான். எல்லாவற்றையும் வெளிச்சத்திலேயே செய்யலாம்.

லீடரை டெவலப்பர், ஸ்டாப் பாத், அலசல் வரை கொண்டுபோய் ஐந்து துண்டாக வெட்டுங்கள். நான்கை நீர்த்த ப்ளீச்சில் போட்டு 6, 10, 14, 20 நிமிடங்களில் ஒவ்வொன்றாக எடுங்கள். ஐந்தாவதை முழு வலிமை ப்ளீச்சில் 10 நிமிடம் வையுங்கள். ஒப்பிடுவதற்கு இதுதான் அளவுகோல். எல்லாத் துண்டுகளையும் கழுவி, ஃபிக்ஸரில் 6 நிமிடம் 30 நொடி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அளவுகோல் துண்டைவிடக் கறுத்திருந்தால் அதில் வெள்ளி மிச்சம். கறுக்காத முதல் துண்டின் நேரத்தை எடுத்து, அதில் பாதியைக் கூட்டுங்கள். அதுவே உங்கள் ப்ளீச் நேரம்.

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் டி.வி. ரிமோட் இருக்கிறது. சாயத்தின் வழியே அகச்சிவப்புக் கதிர் புகுந்து வரும். வெள்ளி அதை மறிக்கும். ரிமோட்டின் முனையில் துண்டை வைத்து, பட்டனை அழுத்தியபடி போனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள் (பல போன்களில் அந்த ஒளி தெரியும்). ஒளி பளிச்சென்று வந்தால் வெள்ளி போய்விட்டது.

காற்று

டெவலப்பர் புட்டியில் காற்றே இருக்கக் கூடாது. ப்ளீச்சுக்கு நேர்மாறு. வேலை செய்யச் செய்ய அதன் இரும்பு ஆக்சிஜனேற்றும் திறனை இழக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் அதை மீட்கிறது. களைத்த ப்ளீச்சில் சயான் (நீலப்பச்சை) சாயம் நிறமற்ற வடிவத்துக்குப் போய்விடும், படத்தின் நிறச் சமநிலை குலையும். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் விற்கும் சின்ன ஏர் பம்ப்பும் குழாயும் வாங்கி, ஒவ்வொரு ரோலுக்குப் பிறகும் கால் மணி நேரம் குமிழி விடுங்கள். பம்ப் இல்லையென்றால் பெரிய புட்டியில் பாதியளவு ஊற்றி நன்றாகக் குலுக்கலாம். ஃபிக்ஸர் மட்டும் ஒரு துளியும் ப்ளீச்சில் விழக்கூடாது. புனல், அளவைகளை இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ந்த கரைசலை மழைநீர் வடிகாலிலோ செடிகளுக்கோ ஊற்றாதீர்கள். ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைத் தனி கேனில் சேர்த்து, வெள்ளி மீட்பவர்களிடம் கொடுங்கள்.

காய்ந்த நெகட்டிவ் மங்கலாக, மணல் தூவியதுபோலக் கறுத்துத் தெரிந்தாலும், ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கி படத்தையே தூசியென எடுத்துக் குதறினாலும், வெள்ளி மிச்சம் என்று பொருள். மாதங்கள் கழிந்திருந்தாலும் சரிசெய்யலாம். ஃபிலிமை ரீலில் ஏற்றித் தண்ணீரில் ஊறவைத்து, இந்த முறை முழு வலிமை ப்ளீச்சில் 6 நிமிடம் 30 நொடி. பிறகு கழுவல், ஃபிக்ஸர், மறுபடி கழுவல், கடைசியாக ஸ்டெபிலைசர் (சாயத்தைக் காக்கும் இறுதிக் கரைசல்). இதை விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம்.