நாக்ஸ் 15 பிபிஎம் காட்டுதா? முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் மின்சாரம் என்றாலே முப்பந்தல் காற்றாடிதான் நினைவுக்கு வரும், கேஸில் ஓடும் மின் நிலையம் நம் பக்கம் கிடையாது. ஆனாலும் டிப்ளமோ முடித்த நம்ம பிள்ளைகள் பலர் ராமநாதபுரம் பக்கத்து வழுதூருக்கோ வளைகுடாவுக்கோ போய் கேஸ் டர்பைன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அப்படி வேலைக்குச் சேர்ந்த பக்கத்து வீட்டுத் தம்பி நாகர்கோவிலுக்கு லீவில் வந்தபோது, "அண்ணே, நாக்ஸ் 15தான் காட்டுது, நல்லதுதானே?" என்றான். நாக்ஸ் என்றால் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், 15 என்றால் 15 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கு. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்!

சரி, முதலிலிருந்து வருவோம். இயற்கை எரிவாயுவில் சாம்பல் இல்லை, கந்தகமும் மிகக் குறைவு. தலைவலி நாக்ஸ்தான்: சுடரின் சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு மளமளவென்று சேர ஆரம்பித்துவிடும்.

ரீடிங்கை நம்ப வேண்டுமென்றால் முதல் வேலை, சாம்பிள் லைன். புகைபோக்கியிலிருந்து, புகையை அளக்கும் கருவியான அனலைசரின் அறைக்கு வரும் குழாய் முழுவதும் சூடாக இருக்க வேண்டும். எங்காவது ஆறித் தண்ணீர் கட்டினால் நைட்ரஜன் டை ஆக்சைடு அதில் கரைந்து, ரீடிங் குறைவாகக் காட்டும்.

இரண்டாவது, அனலைசர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் ஜீரோ, ஸ்பேன். சுத்த நைட்ரஜனை விட்டால் 0 காட்ட வேண்டும், நாக்ஸ் அளவு தெரிந்த ஸ்பேன் கேஸை விட்டால் சிலிண்டர் சான்றிதழில் உள்ள எண் வர வேண்டும். அந்தச் சான்றிதழின் காலாவதித் தேதியையும் ஒரு கண் பாருங்கள்.

மூன்றாவதுதான் தம்பி விட்ட இடம். பால்காரர் தண்ணீர் கலந்தால் பால் அளவு கூடும், கெட்டி குறையும் இல்லையா? புகையில் காற்று கலந்தாலும் அதே கதைதான், பிபிஎம் குறையும், வெளியே போகும் நாக்ஸ் அப்படியே இருக்கும். அதனால் எல்லாரும் 15 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றித்தான் ஒப்பிடுகிறோம். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சதவீதமான 20.9-லிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழியுங்கள், 5.9-ஐ (20.9-ல் 15 போக மீதி) அந்த விடையால் வகுத்து பிபிஎம்மோடு பெருக்குங்கள்.

நாக்ஸ் 30, ஆக்சிஜன் 14 என்றால் 5.9 ÷ 6.9 × 30, அதாவது 25.7. இப்போது லைனில் ஓட்டை விழுந்து பாதிக்குப் பாதி காற்று கலக்கிறது என்று வையுங்கள். நாக்ஸ் 15-ஆக இறங்கும், ஆக்சிஜன் 17.45-ஆக ஏறும். கணக்குப் போட்டால் மறுபடி அதே 25.7! ஆனால் இரண்டையும் ஒரே சாம்பிளில், இரண்டும் உலர்நிலையில் (ஈரத்தை நீக்கிய பிறகு) அளந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடை தப்பு. ஸ்டார்ட்டப்பில் ஆக்சிஜன் 20.4 இருக்கும்போது பெருக்கும் எண் 11.8 ஆகிவிடும், அந்த நேரத்து எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

1999 ஜூனுக்குப் பிறகு வந்த, இயற்கை எரிவாயுவில் ஓடும் நிலையங்களுக்கு நம் நாட்டு வரம்பு 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் 50 பிபிஎம், 100 முதல் 400 வரை 75, அதற்குக் கீழே 100. எல்லாமே இந்த 15 சதவீதக் கணக்கில்தான்.

வரம்பைத் தாண்டினால்? எரிவாயுவையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து சுடரின் சூட்டைக் குறைக்கும் பர்னர், இல்லையென்றால் தண்ணீரோ நீராவியோ செலுத்துவது, அதுவும் போதாவிட்டால் வினையூக்கிக்கு முன்னால் அம்மோனியா தெளிப்பது. சூட்டை ரொம்பக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும், அம்மோனியா அதிகமானால் அதுவே புகையோடு வெளியே போகும். அதனால் லாக் புத்தகத்தில் நாக்ஸ், கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், லோடு (மின் உற்பத்தி அளவு) நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள் தம்பி.