மைலேஜைத் தின்ற தெர்மோஸ்டாட்

கோவைக்குள் லிட்டருக்கு 12 கி.மீ. தந்த எங்கள் பெட்ரோல் செடான் திடீரென 9-க்கு இறங்கியது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு இது. டேஷ்போர்டு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் சரி.

அப்புறம் அவிநாசி சாலையில் கவனித்தேன்: நல்ல வெயிலிலும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லை. வேகம் கூடினால் இன்னும் இறங்கியது! ஸ்கேனர் மாட்டினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 70 டிகிரியைத் தாண்டவில்லை. 90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்க வேண்டிய வால்வான தெர்மோஸ்டாட், திறந்தபடியே சிக்கியிருந்தது. கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடியதால் எஞ்சின் சூடேறவில்லை. இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எஞ்சினின் கணினியான இசியூ கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்தது.

தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலன்ட் மூன்றையும் மாற்றினோம். மைலேஜ் மறுபடி 12. கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: ஆறிய நிலையில் நல்லது மூடியிருக்கும்.